அடிமைகளை வைத்திருந்த அமெரிக்கத் தலைவர்களை இன்றைய அளவுகோலில் எடைபோடுவது நியாயமா?

இன்றைய அளவுகோலே தேவையில்லை. அவர்கள் காலத்திலேயே, அவர்களுக்குப் பக்கத்திலேயே வேறு மாதிரி நடந்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் ஜெஃபர்சனை அவர்களோடு வைத்துப் பார்த்தாலே போதும்.

எட்வர்ட் கோல்ஸும் வர்ஜீனியாக்காரர்தான். அவருக்கும் அப்பாவின் சொத்தாக அடிமைகள் வந்தார்கள். அதிபர் மாடிசனின் தனிச் செயலராக இருந்தபோது, 1814இல் அவர் ஜெஃபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய நீங்களே அடிமைமுறையை ஒழிக்க முன்னால் நிற்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். அடிமைமுறை தவறு என்பதை ஜெஃபர்சன் மறுக்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்கள் செய்ய வேண்டிய வேலை என்று ஒதுங்கிக்கொண்டார். அதோடு விட்டாரா? அடிமைகளைக் கைவிட்டுவிட்டு வர்ஜீனியாவை விட்டு வெளியேற வேண்டாம் என்று கோல்ஸுக்கே புத்தி சொன்னார்.

கோல்ஸ் கேட்கவில்லை. வர்ஜீனியாவில் 1782 முதலே அடிமைகளை விடுவிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் 1806க்குப் பிறகு, விடுதலையானவர்கள் ஒரு வருடத்துக்குள் மாநிலத்தை விட்டுப் போயாக வேண்டும். அதனால் 1819இல் தன் அடிமைகளை அழைத்துக்கொண்டு இல்லினாய்க்குக் கிளம்பினார். போகிற வழியில், ஒஹாயோ ஆற்றில் படகில் வைத்தே நீங்கள் இனி சுதந்திர மனிதர்கள் என்று அறிவித்தார். குடும்பத் தலைவர்களுக்குத் தலா 160 ஏக்கர் நிலமும் கொடுத்தார். அப்புறம் அந்த மாநிலத்துக்கே ஆளுநரானார். அங்கே அடிமைமுறையைச் சட்டமாக்க நடந்த முயற்சி 1824 வாக்கெடுப்பில் தோற்றதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1807இல் அடிமை இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜெஃபர்சன்தான். அந்தப் பெருமை அவருக்கு உரியது. ஆனால் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர், விடுவித்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை மட்டுமே. கடனோடு இறந்தார். அந்தக் கடனுக்காக 1827இல் அவருடைய பண்ணையான மான்டிசெல்லோவில் மனிதர்களை ஏலம் விட்டார்கள். குடும்பங்கள் சிதறின. தவறு என்று தெரிந்தே செய்தவர் என்பதால்தான் எனக்கு அவர்மேல் கூடுதல் கோபம்.

முதல் அதிபர் வாஷிங்டனை ஒரு படி மேலே வைப்பேன். தன் பெயரில் இருந்த அடிமைகளை விடுவிக்கச் சொல்லி உயில் எழுதிவைத்தார். அதற்காக முழு மதிப்பெண் கொடுக்க முடியாது. அப்போதைய தலைநகர் ஃபிலடெல்ஃபியாவில் 6 மாதம் தொடர்ந்து தங்கினால் அடிமைக்கு விடுதலை கேட்கும் உரிமை வந்துவிடும் என்பதால், தன் வீட்டு அடிமைகளை அதற்குள் வெளியே அனுப்பி அனுப்பி அழைத்துவந்தவர் அவர். 1796இல் அங்கிருந்து தப்பிய ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண்ணைத் திரும்பப் பிடித்துவர ஆள் அனுப்பினார். அவள் கடைசிவரை பிடிபடவில்லை.