நகராட்சித் திட்டங்களில் கண்காணிப்பு, மதிப்பீடு எல்லாம் உண்மையில் நடக்கிறதா?

நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் செலவைத்தான் கண்காணிக்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர் குழாய் பதித்தாயிற்று, பில் போட்டாயிற்றா, யூசி (பணத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ்) அனுப்பியாயிற்றா என்பதெல்லாம் ஆய்வுக் கூட்டத்தில் தவறாமல் வரும். அந்தக் குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்ற கேள்வி வருவது அபூர்வம்.

கேட்பதற்கு வழி இல்லாமல் இல்லை. 2008ல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் சேவைத் தர அளவுகோல்கள் பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மழைநீர் வடிகால் நான்குக்கும் சேர்த்து 28 அளவுகள்: தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், 24 மணி நேர விநியோகம், வருவாய் தராத நீர் (கசிவு, திருட்டு என்று பணம் வராமல் போவது) 20 சதவீதம், இப்படி. 13வது நிதிக்குழு இந்த இலக்குகளை அரசிதழில் வெளியிடுவதை மானிய நிபந்தனைகளில் ஒன்றாக்கியதும் ஊர் ஊராக எண்களை நிரப்ப ஆரம்பித்தார்கள்.

அந்த எண் எப்படி வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஃப்ளோ மீட்டர் (குழாயில் ஓடும் நீரை அளக்கும் கருவி) இல்லாத ஊரில் பம்ப் ஓடிய நேரத்தை அதன் திறனால் பெருக்கி, வந்ததை 2011 மக்கள்தொகையால் வகுப்பார்கள். ஊர் எவ்வளவு பெருத்தாலும் வகுக்கும் எண் அப்படியே நிற்பதால், தலைக்கு இத்தனை லிட்டர் என்பது நிஜத்தைவிட எப்போதும் கூடுதலாகவே தெரியும்.

கையேட்டை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஏ முதல் டி வரை நம்பகத்தன்மைத் தரம் போடச் சொல்லியிருக்கிறார்கள். முறையாக அளந்தது ஏ, குத்துமதிப்பு டி. நான் எந்த அறிக்கையைக் கையில் எடுத்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன், ஏனென்றால் டி தரத்தில் 95 சதவீதக் குழாய் இணைப்பு காட்டும் ஊரைவிட ஏ தரத்தில் 60 காட்டும் ஊரின் பொறியாளருக்குத் தன் ஊரைப் பற்றி அதிகம் தெரியும்.

ஆனால் மேலிடத்தில் நடப்பது நேர் எதிர். அதுவரை குத்துமதிப்பாக 20 சதவீதம் என்று காட்டிய வருவாய் தராத நீர், மீட்டர் வைத்த வருடம் 45 ஆனால், ஏன் மோசமாகிவிட்டது என்று அந்தப் பொறியாளரைத்தான் கேட்பார்கள். அப்புறம் யார் மீட்டர் கேட்பார்கள்? முதன்முதலாக ஒழுங்காக அளந்த வருடத்தையே அடிப்படை ஆண்டாக வைத்து, முந்தைய எண்களோடு ஒப்பிடக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். என்னைக் கேட்டால் புது மென்பொருளைவிட இது முக்கியம்.

உங்கள் ஊர் நிலவரம் தெரிய வேண்டுமானால் ஆர்டிஐயில் எண்ணை மட்டும் கேட்காதீர்கள், அதைக் கணக்கிட்ட தாளையும் நம்பகத்தன்மைத் தரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.