மலிவு விலை இரட்டைக்குழல் ரைஃபிள்: குறி சேர்ப்பதும் சீர் செய்வதும் (கேள்வி பதில்)

கேள்வி: சார், பக்கவாட்டில் இரண்டு குழல் உள்ள .45-70 (தோட்டாவின் பெயர்) ரைஃபிள் ஒன்று மலிவாகக் கிடைத்தது. 50 மீட்டரில் வலது குழலின் குண்டு இடது பக்கமும், இடது குழலின் குண்டு வலது பக்கமும் விழுகின்றன. இடைவெளி 5 செ.மீ. பின்குறியைத் தட்டி நகர்த்தினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பின்குறி இரண்டு குழலுக்கும் பொது. அதை நகர்த்தினால் இரண்டு குழலின் குண்டுக் கூட்டமும் சேர்ந்தே நகரும், நடுவில் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும்.

வலது குழல் துப்பாக்கியின் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் இருக்கிறது. அது வெடிக்கும்போது, குண்டு குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கையிலேயே துப்பாக்கி மேலேயும் வலப்பக்கமாகவும் திரும்பத் தொடங்கிவிடும். இடது குழல் வெடித்தால் இடப்பக்கம் திரும்பும். இதை ஈடுகட்டத்தான் தயாரிப்பவர் குழல்களின் வாய்ப்பக்கத்தை உள்நோக்கிச் சாய்த்துப் பற்றவைக்கிறார். அந்தச் சாய்வு ஒரு குறிப்பிட்ட எடை, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குத்தான் பொருந்தும். குண்டு அதைவிட வேகமாக வெளியேறினால் துப்பாக்கி திரும்ப நேரம் போதாது. சாய்வு மிஞ்சி, குண்டுகள் குறுக்கே வெட்டும். மெதுவாகப் போனால் அகன்று விழும். உங்களுடையது குறுக்கே வெட்டுகிறது என்றால் தோட்டா அந்தக் குழல்களுக்கு அதிக வேகம்.

5 செ.மீ. தானே என்று விடாதீர்கள். குழல்களின் நடுவுக்கு நடு 3 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டருக்குள் குண்டுகள் ஒன்றுக்கொன்று 8 செ.மீ. நகர்ந்திருக்கின்றன. 100 மீட்டரில் அது 16 ஆகும். வெட்டு 13 செ.மீ.க்குப் போய்விடும்.

கேள்வி: அப்படியென்றால் வேகத்தை எப்படிக் குறைப்பது? நான் ரீலோடிங் (தோட்டாவில் மருந்தையும் குண்டையும் நாமே நிரப்புவது) செய்வதில்லை.

பதில்: கடைத் தோட்டாவிலேயே மாற்றிப் பாருங்கள். .45-70-ல் 300 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வேகத் தோட்டாவை விட்டுவிட்டு, விநாடிக்கு சுமார் 1330 அடி போகும் 405 கிரெய்ன் தோட்டாவை எடுங்கள். பெரும்பாலும் அதிலேயே கூட்டங்கள் நெருங்கும். வேகம் குறைந்து உதைப்பு நீடிப்பதால் குண்டு சற்று மேலே விழலாம், அதற்கு இப்போதே குறியைத் தேய்க்க அரத்தைத் தேடாதீர்கள்.

கேள்வி: ரீலோடிங் செய்பவன் நான். என் .45-70-ல் குண்டுகள் அகன்று விழுகின்றன. வெடிமருந்தை எவ்வளவு ஏற்றலாம்?

பதில்: ரீலோடிங் கையேட்டு அட்டவணையின் தொடக்க அளவில் ஆரம்பித்து, ஒவ்வொரு படிக்கும் விநாடிக்கு 25 முதல் 30 அடி வரை மட்டும் கூட்டுங்கள். படிக்கு இரண்டு ஜோடி சுட்டால் போக்கு தெரிந்துவிடும். க்ரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது வீண். மருந்தின் எடையைப் பார்த்து வேகத்தை ஊகிக்க முடியாது, குழல்கள் கேட்பது வேகத்தைத்தான்.

ஒரு எச்சரிக்கை. .45-70-க்குப் பல கையேடுகளில் மூன்று அட்டவணைகள் இருக்கும்: பழைய, வலுக்குறைந்த ட்ராப்டோர் ரைஃபிளுக்கு, லீவர் ஆக்‌ஷனுக்கு, வலுவான ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு. ஷாட்கன் சட்டத்தின் மேல் கட்டிய மலிவு இரட்டைக்குழலுக்கு முதல் அட்டவணைதான். அமெரிக்கத் தரத்தில் இந்தத் தோட்டாவின் உச்ச அழுத்தம் 28,000 பிஎஸ்ஐ. அந்த எல்லையைத் தொட்டும் கூட்டங்கள் சேரவில்லை என்றால், அதே வேகத்தில் எடை குறைந்த குண்டைப் பாருங்கள். தொடக்க அளவுக்குக் கீழே இறங்குவதும் கூடாது. பெரிய தோட்டாக் கூட்டில் கொஞ்சம் மருந்து அங்குமிங்கும் உருண்டால் ஒவ்வொரு வெடியும் ஒவ்வொரு வேகத்தில் வரும்.

கேள்வி: மேசையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டால் ஓர் இடத்திலும், நின்று சுட்டால் வேறிடத்திலும் போகிறது. எதை நம்புவது?

பதில்: நின்று சுடுவதை. சாய்வு கணக்கிடப்பட்டதே கையில் பிடித்த துப்பாக்கி உதைத்துத் திரும்பும் விதத்தை வைத்துத்தான். குழலையோ முன்கட்டையையோ கடினமான தாங்கியில் வைத்தால் அந்த அசைவு மாறும். உதைப்பை விழுங்கும் எடை வைத்த இரும்புத் தாங்கி இன்னும் மோசம், அது கட்டையையே பிளந்துவிடும். முன்கட்டையைக் கையால் பிடித்து, கையின் பின்புறத்தை மூட்டை மேல் வையுங்கள். மேசை உயரமாக, நீங்கள் ஏறக்குறைய நிமிர்ந்து இருக்கும்படி இருக்கட்டும்.

கேள்வி: வலதில் நான்கு, பிறகு இடதில் நான்கு என்று சுடலாமா?

பதில்: கூடாது. தொடர்ந்து சுட்ட குழல் சூடேறி நீளும், ஒட்டியிருக்கும் குளிர்ந்த குழல் விடாது. விளைவு, இரண்டும் குளிர்ந்த பக்கம் வளையும். வலது, இடது என்று ஒரு ஜோடி, சுமார் 10 விநாடிக்குள். பிறகு ஆக்‌ஷனை (தோட்டா வைத்துப் பூட்டும் பகுதி) திறந்துவைத்து, குழல் தொட்டால் குளிர்ச்சியாகும் வரை காத்திருங்கள். ஓட்டையைப் பார்த்தவுடன் பக்கத்தில் எந்தக் குழல் என்று எழுதிவிடுங்கள், நினைவை நம்ப வேண்டாம். நான்கு ஜோடி ஆனதும் வலதின் நடுவையும் இடதின் நடுவையும் தனித்தனியே குறித்து அளக்கவும். ஒரு குழல் மட்டும் தன் அளவிலேயே சிதறினால் அது சேர்ப்புப் பிரச்சினை அல்ல. அந்தக் குழல்வாயின் விளிம்பையும் ரைஃப்ளிங்கில் (குழலின் உட்சுருள் பள்ளங்களில்) படிந்த செம்பையும் பாருங்கள்.

கேள்வி: எவ்வளவு நெருங்கினால் போதும்?

பதில்: திறந்த குறியோடு 50 மீட்டரில் இரண்டு குழலின் நான்கு குண்டும் 7 செ.மீ.க்குள் விழுந்து, வலதின் நடு இடதின் நடுவுக்கு 2, 3 செ.மீ. வலப்பக்கம் நின்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே ஓட்டையில் விழ வைக்க முயலாதீர்கள். 50-ல் ஒன்றாக விழுவது அதற்கப்பால் வெட்டத் தொடங்கும்.

கேள்வி: கூட்டங்கள் சேர்ந்துவிட்டன, ஆனால் இரண்டும் 10 செ.மீ. கீழே. இப்போதாவது அரம் போடலாமா?

பதில்: இப்போது போடலாம். குண்டு மேலே ஏற முன்குறி தாழ வேண்டும். எவ்வளவு என்பதற்கு: தவறிய அளவை இரண்டு குறிகளுக்கு இடையிலான நீளத்தால் பெருக்கி, தூரத்தால் வகுக்கவும். குறிகளின் இடைவெளி 450 மி.மீ., தூரம் 50 மீட்டர் என்றால் 100 × 450 ÷ 50,000 = 0.9 மி.மீ. முதலில் 0.6 மட்டும் எடுத்துச் சுட்டுப் பாருங்கள். உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. குண்டு மேலே விழுந்தால் உயரமான முன்குறி வாங்குங்கள், அல்லது பின்குறியின் பள்ளத்தை ஆழப்படுத்துங்கள். பக்கவாட்டுப் பிழைக்குக் குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியைத் தட்டவும்.

கேள்வி: வாங்கும் முன் எதைச் சோதிப்பது?

பதில்: முன்கட்டையைக் கழற்றிவிட்டு, பூட்டிய குழல்களை ஆக்‌ஷனுக்கு எதிராகப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பிறகு குழல்களைத் தனியே எடுத்து, கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். மணிபோல் நீண்டு ஒலித்தால் பற்றவைப்பு முழுசாக இருக்கிறது. மந்தமாகவோ கரகரவென்றோ ஒலித்தால் ரிப் (இரண்டு குழலையும் இணைக்கும் பட்டை) எங்கோ விட்டிருக்கிறது, அதில் எந்தத் தோட்டாவும் நிலையாகச் சேராது. குழல்வாய்களையும் லென்ஸில் பாருங்கள். உள்விளிம்பு ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்க்கப்பட்டிருந்தால், குழல்களைச் சரியாக அமைக்காமல் விளிம்பைக் கடைந்து குண்டைத் திருப்பியிருக்கிறார்கள். குண்டை மாற்றியவுடன் அந்தத் தந்திரம் பல்லிளிக்கும்.

கேள்வி: முன் விசையை இழுத்தால் சில சமயம் இரண்டு குழலும் ஒன்றாக வெடிக்கின்றன.

பதில்: உடனே நிறுத்துங்கள். ஒரு குழலில் மட்டும் உண்மைத் தோட்டா, மற்றதில் ஸ்னாப் கேப் (வெடிக்காத போலித் தோட்டா). முதலில் பின் விசைக்குரிய குழலில் தோட்டா வைத்துச் சுடுங்கள். முன் விசையின் சுத்தியல் தானாக விழுந்திருந்தால் கோளாறு சியரில் (சுத்தியலைப் பிடித்து வைக்கும் கொக்கி). விரல் அங்கே எட்டியிருக்க வழியில்லை. அது விழாமல், முன் விசையால் சுடும்போது மட்டும் பின்னது விழுந்தால், உங்கள் விரலாக இருக்க வாய்ப்பு அதிகம்: கைப்பிடி தளர்ந்து, உதைப்பில் விரல் அடுத்த விசையில் மோதுகிறது. விரல்தான் என்று முடிவு கட்டுமுன் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) சியரின் பிடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். விசையை மிருதுவாக்கும் ஆசையில் அதை வீட்டில் தேய்க்காதீர்கள். பலமாக உதைக்கும் ரைஃபிளுக்கு 1.8 கிலோவுக்குக் குறைந்த இழுப்பு வேண்டாம்.

கேள்வி: ஸ்கோப் போடலாமா?

பதில்: போடலாம், தோட்டா தேர்வுக்கு முன்பே. அதன் எடை துப்பாக்கி திரும்பும் வேகத்தை மாற்றும், சேர்ந்திருந்த கூட்டம் பிரியலாம். ஸ்கோப்பின் திருகால் இரண்டையும் சேர்த்து நகர்த்தத்தான் முடியும். எடை குறைந்த ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறி) இதில் தொல்லை குறைவு. அடிக்கட்டையில் ஈயம் சேர்ப்பது, ரப்பர் பேடு மாற்றுவது எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

கேள்வி: கட்டை கன்னத்தில் அறைகிறது, ஆக்‌ஷன் வாலுக்குப் (கட்டைக்குள் நீளும் இரும்புப் பட்டைக்குப்) பின்னால் மயிரிழை விரிசலும் தெரிகிறது.

பதில்: விரிசல் முதலில். வாலின் பின்முனை மரத்தை முட்டினால் ஒவ்வொரு உதையிலும் ஆப்புபோல் பிளக்கும். அங்கே அரை மி.மீ. இடைவெளி விட்டு, உதைப்பைத் தாங்க வேண்டிய கட்டையின் முன்முகத்தில் எபாக்ஸி படுக்கை போடுங்கள். மரம் எண்ணெய் குடித்திருந்தால் அதை உறிஞ்சி எடுக்காமல் எபாக்ஸி பிடிக்காது. கன்னத்தில் அறைவது, ஷாட்கன் கட்டை பின்பக்கம் அதிகம் தாழ்ந்திருப்பதால். மேல்விளிம்பை உயர்த்தும் பேடு ஒட்டிப் பாருங்கள். கட்டைத் திருகையும் இறுக்கிவிடுங்கள்.

கேள்வி: என்னுடையது பைகால் எம்பி-221. வாய்ப்பக்கம் சரிசெய்யும் அமைப்பு இருக்கிறது. எவ்வளவு திருகுவது?

பதில்: கால் சுற்று, இரண்டு ஜோடி, அளவு, குறிப்பு. வாய்கள் விலகினால் உட்சாய்வு குறையும், குண்டுகள் அகலும். நெருங்கினால் வெட்டும் பக்கம் போகும். தொடங்கும் முன் இப்போதைய நிலையைக் கீறிக் குறித்துவையுங்கள். பிடித்த ஒரே தோட்டாவை நிலையாக வைத்துத் திருகுங்கள், இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.

கேள்வி: அந்த வசதி என்னுடையதில் இல்லை. எந்தத் தோட்டாவுக்கும் சேரவில்லை. பற்றவைப்பைக் கழற்றி மறுபடி ஒட்டலாமா?

பதில்: முடியும், ஆனால் இரட்டைக்குழல் செய்து பழகிய கன்ஸ்மித் மட்டும். சூடேற்றினால் ரிப் முழுவதுமே விட்டு வரலாம், கூலி துப்பாக்கியின் விலையைத் தாண்டலாம். செய்தால், கறுப்புப் பூச்சு மெதுவான துருப்பூச்சு முறையில் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கொதிக்கும் காஸ்டிக் உப்புத் தொட்டியில் முக்கினால் மென்பற்றவைப்பை அது அரித்துவிடும், புதிதாக ஒட்டியதும் சேர்த்து.