மகனும் வந்துவிட்டான், அம்மாவும் வருகிறார்: வீடு மாறுவதா, பின்னால் கட்டுவதா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் மூன்று படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். படிப்பு முடித்த மகன் எங்களோடு தங்க வந்துவிட்டான். ஊரிலிருந்து அம்மாவும் கிரீன் கார்டில் நிரந்தரமாக வருகிறார். பெரிய வீடு வாங்குவதா, பின்புறம் சிறு வீடு கட்டுவதா? இது ஒற்றைக் குடும்ப வீட்டுப் பகுதி, கட்ட விடமாட்டார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பின்னாளில் வெளியாருக்கு வாடகைக்கு விடலாமா?

பதில்: கட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பழைய சட்டம்.

அமெரிக்கப் புறநகர் வீடுகள் பெரும்பாலும் அப்பா, அம்மா, சின்னப் பிள்ளைகள் என்ற குடும்பத்தை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. 1970இல் நாட்டின் வீடுகளில் சுமார் 40 சதவீதம் அப்படி இருந்தன. இப்போது 20 சதவீதம்கூட இல்லை. பல தலைமுறை சேர்ந்திருக்கும் வீடுகளில் வாழ்பவர்கள் 1971இல் 7 சதவீதம், 2021இல் 18 சதவீதம் என்கிறது பியூ ஆய்வு மையம். உங்கள் வீட்டில் நடப்பது நாடு முழுக்க நடப்பதுதான்.

சட்டம் இதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வந்தது. ஒஹாயோவின் ஈஸ்ட் கிளீவ்லாந்தில், பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்ததற்காக ஐனெஸ் மூர் என்ற பாட்டிக்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள். இரண்டு பேரன்களும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் இல்லை என்பதுதான் குற்றம்! 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1980இல் இன்னும் ஒரு படி மேலே போய், உறவினர் அல்லாதவர்கள் சேர்ந்து வாழ்வதையும் ஊர் விதிகள் தடுக்கக்கூடாது என்றது.

இப்போது உங்கள் மாநிலத்தில் 'ஏ.டி.யூ' என்ற கூடுதல் வீட்டை 800 சதுர அடி வரை, பக்கவாட்டிலும் பின்னாலும் 4 அடி இடம் விட்டுக் கட்டலாம். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் நகராட்சி 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். வீட்டுச் சங்கமும் அடியோடு தடுக்க முடியாது. 750 சதுர அடிக்குள் வைத்துக்கொண்டால் நகராட்சியின் வளர்ச்சிக் கட்டணமும் இல்லை. நான் அந்த அளவைத்தான் சொல்வேன்.

சொத்து வரியையும் பாருங்கள். 1978இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆவது முன்மொழிவு என்ற சட்டத்தின்படி, இருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது. புதிதாகக் கட்டியதற்கு மட்டும் மதிப்பு கூடும். விற்றுவிட்டு வேறு வீடு வாங்கினால் பொதுவாக இன்றைய விலைக்கு வரி. நெடுநாளாக அதே வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

சரி, பின் வீட்டில் யார் இருப்பது? பெரும்பாலோர் யோசிக்காமல் அம்மாவுக்கு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கார் ஓட்டத் தெரியாத, புதிதாக வந்த வயதானவர் பகல் முழுக்கப் பின்புறத்து வீட்டில் தனியாக இருந்தால் சீக்கிரமே மனம் சோர்ந்துவிடும். ராத்திரி தடுக்கி விழுந்தால்கூட யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு உங்கள் வீட்டின் கீழ்த்தள அறையைக் கொடுங்கள், சமையலறைப் பேச்சு காதில் விழும் இடமாக. மகன் பின்னால் போகட்டும். அவனுக்கும் தனி வாசல் வேண்டியிருக்கும். ஆனாலும் பின் வீட்டைப் படியில்லாமல், அகலக் கதவோடு, வழுக்காத குளியலறையோடு கட்டுங்கள். ஒருநாள் அது உங்களுக்கே தேவைப்படலாம்.

வாடகைக்கும் விடலாம். 2020 கணக்கெடுப்பில் அமெரிக்க வீடுகளில் 27.6 சதவீதம் தனியாள் வீடுகள். சிறு வீட்டுக்கு ஆள் கிடைக்கும். 30 நாளுக்குக் குறைந்த வாடகைக்கு மட்டும் ஊர்த் தடை இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், வரைபடத்துக்குப் பணம் கொடுக்கும் முன் நகராட்சித் திட்டமிடல் அலுவலகத்தில் முன்னதாகவே ஒப்புதல் பெற்ற ஏ.டி.யூ வரைபடங்களைக் கேளுங்கள். அவற்றுக்கு வழிசெய்யும்படி 2025 முதல் மாநிலச் சட்டமே சொல்கிறது.