அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டியது யார்?

அன்புள்ள அக்கா,

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். மூத்த மகன் வரும் ஆகஸ்டில் காலேஜுக்குப் போகிறான். ஹாஸ்டல் ஃபாரத்தில் 'சப்ஸ்டன்ஸ் ஃப்ரீ ஹவுசிங்' வேண்டுமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. மது, சிகரெட், வேப், கஞ்சா எதுவும் இல்லாத தளமாம். எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, என் அப்பா குடித்தே போனவர். ஆனால் பையன் தயங்குகிறான். "அங்கே போனால் ஃப்ரெண்ட்ஸே கிடைக்க மாட்டார்கள், சாமியார் மடம் என்பார்கள்" என்கிறான். அவனுடைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். நானே நிரப்பி அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. நீங்கள் அமெரிக்க காலேஜ் விடுதியில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்யட்டும்?

இன்னொன்று. அறையில் சின்னதாக ஒரு சாமி படம் வைத்து விளக்கேற்ற விடுவார்களா?

எம்., நியூ ஜெர்சி

அன்புள்ள எம்.,

முதலில் அந்த பாஸ்வேர்டை மறந்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

முதுகலை படித்தபோது இரண்டு வருடம் ஒரு விடுதியில் ரெசிடென்ட் அசிஸ்டன்டாக இருந்தேன். அறைக்கும் சாப்பாட்டுக்கும் காசு கிடையாது, பதிலுக்கு நாற்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வருடம் சாதாரணத் தளம். அடுத்த வருடம் நீங்கள் கேட்கிற அதே சப்-ஃப்ரீ தளம். பிள்ளைகள் அதை அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள்.

சாதாரணத் தளத்தில் வியாழக்கிழமை ராத்திரியே ஆரம்பித்துவிடும். ஞாயிறு காலையில் பாத்ரூம் சிங்க் வாந்தியால் அடைத்து நிற்கும். ஜனவரிக் குளிரில், ராத்திரி மூன்று மணிக்கு, யாரோ அறைக்குள் புகைத்ததால் ஃபயர் அலாரம் அடித்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் பனியில் நின்றிருக்கிறோம். ஒரு ராத்திரி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. முதல் வருடப் பெண் ஒருத்தி. அவளுடைய ரூம்மேட் நினைவில்லாமல் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும் என்று இந்தப் பெண் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். அவள் புரண்டுவிடாமல் இருக்க முதுகுப்பையில் புத்தகங்களை அடைத்து முட்டுக்கொடுத்தாள். விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். காலை எட்டு மணிக்கு அவளுக்கு கெமிஸ்ட்ரி பரீட்சை. அவள் ஒரு சொட்டும் குடிக்காதவள். "என் கதவைத் தட்டியிருக்கலாமே, 911-இல் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றேன். "அவள் மாட்டிக்கொள்வாளே" என்றாள்.

ஹார்வர்டு பொது சுகாதாரப் பள்ளியில் ஹென்றி வெக்ஸ்லர் என்ற ஆய்வாளர் 1993-இல் 140 கல்லூரிகளில் 17,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் குடியைப் பற்றி விசாரித்தார். 44 சதவீதம் பேர் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குள் ஒரே மூச்சில் அளவுமீறிக் குடித்திருந்தார்கள். ஆண் என்றால் ஐந்து, பெண் என்றால் நான்கு டிரிங்க் என்பது அவர் வைத்த கணக்கு. குடிக்காதவர்கள் படும் பாட்டையும் அவர் சேர்த்தே கணக்கெடுத்தார். கெட்ட தூக்கம், போன படிப்பு, அடுத்தவர் வாந்தியைத் துடைப்பது, அடுத்தவருக்குக் காவல் இருப்பது. புகைக்காதவர் நுரையீரலுக்குள்ளும் போகும் புகைபோல இது என்றார். சப்-ஃப்ரீ விடுதிகளில் இந்தத் தொல்லை குறைவு என்று பிறகு அவர் குழுவே எழுதியது. என் அனுபவமும் அதுதான். ஆகவே உங்கள் ஆசையில் தவறே இல்லை.

'21 வயதுக்குள் குடிப்பது சட்டப்படியே குற்றமாயிற்றே, பிறகு எதற்குத் தனித் தளம்?' என்று நீங்கள் நினைக்கலாம். 1984-இல் அமெரிக்க மத்திய அரசு சட்டம் போட்டு, 21-ஐ ஏற்காத மாநிலங்களுக்குச் சாலைகளுக்காகத் தரும் பணத்தில் பிடிப்போம் என்றது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. குடி நிற்கவில்லை, கதவுக்குப் பின்னால் போனது. சப்-ஃப்ரீ தளம் நிற்பது அங்கே இருக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்கின் மேல். கையெழுத்துப் போட்டு உள்ளே வருகிறார்கள். அந்தக் கையெழுத்து அவர்களுடையதாக இருக்கும்வரைதான் அதற்கு உயிர்.

இரண்டாவது வருடம் என் தளத்தில் ஒரு பையன் இருந்தான். ஃபாரத்தை அவனுடைய அப்பா நிரப்பியிருந்தார். அவன் வெள்ளி, சனிக்கிழமைகளில் தளத்திலேயே இருக்க மாட்டான். வேறு கட்டடத்தில் குடித்துவிட்டு, இங்கே திரும்பி வரப் பயந்து, யாருடைய அறையிலாவது தரையில் படுத்துக்கொள்வான். பிப்ரவரியில் ஒரு நாள் அந்தக் கட்டடத்து மாடிப்படியில் விழுந்து கிடந்தான். நல்லவேளை, யாரோ ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். மருத்துவமனையில் கண் விழித்ததும் அவன் என்னிடம் கேட்டது, "தளத்தில் தெரிந்துவிட்டதா?" என்பதுதான். அவனுக்கு அங்கே நாற்பது பேர் உதவியிருப்பார்கள். ஒருவரிடமும் அவனால் வாய் திறக்க முடியவில்லை. இதற்காகத்தான் பாஸ்வேர்டைத் தொடாதீர்கள் என்கிறேன்.

தானே கேட்டு வந்தவர்களும் இருந்தார்கள். காலை ஐந்து மணிக்கு நீச்சல் பயிற்சிக்குப் போகிறவன், ஆஸ்துமா உள்ளவன், தொழுகையை விடாத இரண்டு பெண்கள், கை முழுக்கப் பச்சை குத்திய ஒரு டிரம்மர். அந்த டிரம்மர் பெண் என்னிடம், "அந்த நாற்றம் அடிக்காத வீட்டில் ஒரு வருடமாவது தூங்க வேண்டும்" என்றாள். வெள்ளிக்கிழமை ராத்திரி நான் தளத்துச் சமையலறையில் தோசை வார்ப்பேன், ஆளுக்கு ஒன்றாகப் பிய்த்துத் தின்பார்கள். பலர் பார்ட்டிக்கும் போனார்கள், சோடாவைக் கையில் வைத்து ஆடிவிட்டுத் திரும்பி வந்து நிம்மதியாகத் தூங்கினார்கள். நண்பர்கள் வகுப்பிலும் கேன்டீனிலும் விளையாட்டிலும் கிடைத்தார்கள். உங்கள் மகனுடைய பயத்துக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

சில விஷயங்களை அவனே காலேஜில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கட்டடம் முழுவதுமா, ஒரு தளம் மட்டுமா? கேட்காத பிள்ளைகளையும் மிச்சக் கட்டில்களில் போடுகிறார்களா? அப்படிப் போட்டால் அந்தத் தளம் பேருக்குத்தான். வெளியே குடித்துவிட்டு உள்ளே வந்தால் என்ன செய்வார்கள்? அப்புறம், 'ரெக்கவரி ஹவுசிங்' என்று பார்த்தால் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது போதையிலிருந்து மீண்டு வருகிற மாணவர்களுக்கானது. உங்கள் மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988-லேயே அப்படி ஒரு விடுதியைத் தொடங்கியது.

நீங்கள் ஹெச்-1பி வேலை விசாவிலும் பையன் அதையொட்டிய ஹெச்-4 குடும்ப விசாவிலும் இருந்தால் இதையும் அவனிடம் சொல்லுங்கள். நியூ ஜெர்சியில் 21 வயதானவர்களுக்கு 2021 முதல் கஞ்சா சட்டபூர்வம். மத்தியச் சட்டத்தில் இன்னும் குற்றம்தான். குடியுரிமை இல்லாதவருக்குக் கஞ்சா வழக்கு ஒன்று வந்தாலோ, அதிகாரி முன்னால் ஆமாம் என்று ஒத்துக்கொண்டாலோ விசாவிலும் கிரீன் கார்டிலும் சிக்கல் வரலாம். கூடப் படிக்கிற அமெரிக்கப் பிள்ளைக்கு இந்தக் கவலை கிடையாது.

எம்., உங்கள் அப்பாவைப் பற்றி நான்கே வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். மகனிடம் எத்தனை வார்த்தை சொல்லியிருக்கிறீர்கள்? தாத்தா எப்படிப் போனார், பாட்டி அந்த வருடங்களை எப்படி ஓட்டினார், நீங்கள் ராத்திரி எந்தச் சத்தத்துக்கு விழித்துக்கொள்வீர்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியுமா? குடிநோய்க்குப் பரம்பரையும் ஒரு பெரிய காரணம் என்பதால், அவன் உடம்பைப் பற்றி அவனுக்குத் தெரிய வேண்டிய செய்தியும் இது. ஃபாரத்துக்குக் கடைசித் தேதி வருவதற்குள் ஒரு நாள் காரில் போகும்போது சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஃபாரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அவன் சாதாரணத் தளத்தையே கேட்டாலும், ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் அம்மாவுக்குப் போன் பண்ணலாம் என்ற தைரியம் அவனுக்கு இருக்கும்.

விளக்கு விஷயம். சாமி படம் தாராளமாக வைக்கலாம். நெருப்பு மட்டும் அநேகமாக எந்த விடுதியிலும் கூடாது. அகல், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதற்கும் அனுமதி இருக்காது. பேட்டரியில் எரிகிற குட்டி விளக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். என் மேஜையில் இரண்டு வருடமும் அதுதான் இருந்தது.