வேலையிடத்தில் அநியாயம் நடந்தால் கிறிஸ்தவர் பொறுத்துப் போக வேண்டுமா, புகார் கொடுக்கலாமா?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: செய்யாத தவறுக்குப் பழி போட்டு ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வரவேண்டிய பணமும் வரவில்லை. மேலாளரும் அதே சபைக்காரர். சபையில் எல்லோரும் "பொறுமையா இரு, ஜெபி" என்கிறார்கள். புகார் கொடுத்தால் விசுவாசக் குறைவா?

இல்லை. தாராளமாகக் கொடுங்கள். எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் விசுவாசத்துக்கு வேலை இருக்கிறது.

எனக்கும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தேன். ஆடிட்டில் இருப்பு உதைத்தது. மேலே இருந்த ஒருவர் சீட்டு இல்லாமல் வெளியே அனுப்பிய சரக்கு அது. பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் பதிவேட்டில் இருந்தது என் கையெழுத்து. நீயாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் போலீஸ் வரை போகாது என்றார்கள். குடும்பம், பள்ளிக் கட்டணம், வேறென்ன செய்வது, எழுதிக் கொடுத்தேன். பிறகு வேலையை விட்டு விலகும்போது கம்பெனி தரவேண்டிய பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியைக் கேட்கப் போனால், "அது நஷ்டத்துக்குச் சரியாப் போச்சு" என்று பதில்.

பெரம்பூர் பக்கம் எங்கள் சபை. ஜெபக்கூட்டத்தில் சொன்னதும் எல்லோர் வாயிலும் ஒரே வசனம்: "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்." யாத்திராகமம் 14:14. நல்ல வசனம்தான், காலண்டரில்கூட அச்சடிக்கிறோம். ஆனால் அதற்கு அடுத்த வசனத்தை யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. என்னிடம் முறையிடுவது என்ன, ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்று மோசேயிடம் கர்த்தர் சொல்கிறார். கடல் முன்னால் கிடக்கும்போதே சொல்கிறார்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பொறுத்துப் போ என்ற ஆலோசனை எப்போதும் கீழே இருப்பவருக்கே வருகிறது. வேலைக்காரருடைய கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு 5:4. அதை ஒரு முதலாளியிடம் போய் வாசித்துக் காட்டிய சபைப் பெரியவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மறு கன்னத்தைக் காட்டு என்று இயேசு சொன்னாரே என்று கேட்பீர்கள். சொன்னார். பழிக்குப் பழி வேண்டாம் என்ற இடத்தில் சொன்னார். அவரையே பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அறைந்தபோது, நான் தப்பாகப் பேசியிருந்தால் எதுவென்று காட்டு, இல்லையென்றால் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவும் இல்லை, அடித்தது சரி என்று விட்டுவிடவும் இல்லை.

அப்போஸ்தலர் 16-ஐ நான் பலமுறை வாசித்தேன். பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போடுகிறார்கள். இரவில் பூமியதிர்ந்து கதவுகள் திறக்கின்றன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று பயந்து சிறைக்காரன் தற்கொலைக்குப் போகிறான், பவுல் சத்தம் போட்டுத் தடுக்கிறார். விடிந்ததும் அதிகாரிகள் ஆளனுப்பி, போய்விடலாம் என்கிறார்கள். நாமாக இருந்தால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்போம். பவுல் மறுக்கிறார். ரோமக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் வெளியரங்கமாக அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார். அதிகாரிகள் பயந்துபோய் வருகிறார்கள். சிறைக்காரனின் உயிரைக் காப்பாற்றியவரும் அதிகாரியிடம் கணக்குக் கேட்டவரும் ஒரே ஆள், ஒரே அத்தியாயத்தில்.

1 பேதுருவில் முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படியச் சொல்லியிருக்கிறதே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அது வீட்டு அடிமைகளுக்கு எழுதியது. அவர்களுக்கு முறையிடப் போக ஓர் இடம் கிடையாது. நமக்குத் தொழிலாளர் துறை இருக்கிறது.

சரி, மனு எழுதினேன். இரண்டு பக்கம். எங்கள் சபையில் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் உண்டு. அவரிடம் காட்டினேன். சிவப்பு மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மனசாட்சியே இல்லாமல்" என்பது போச்சு. "நயவஞ்சகமாக" போச்சு. அந்த மேலதிகாரியின் வீட்டு விவகாரம் ஒன்றை, ஆள் ஆடிப்போவான் என்று நண்பன் சொன்னதால் கடைசியில் சேர்த்திருந்தேன். அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்தார். கடைசியில் முக்கால் பக்கம் மிஞ்சியது: வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிச் சம்பளம், வரவேண்டிய தொகை, பணம் கேட்டு எழுதிய கடிதத்தின் தேதி.

"அடிச்சது எதுவும் வீண் இல்ல தம்பி. வீட்டுக்குப் போய் அதையெல்லாம் ஜெபத்துல சொல்லுங்க. ஆபீசருக்கு அது தேவையில்ல, ஆண்டவர் கேட்டுக்குவார்" என்றார்.

அதைத்தான் செய்தேன். 35-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, நீர் என் வழக்காளிகளோடே வழக்காடி" என்று ஆரம்பிக்கும். தாவீதின் கோபம் அதில் அப்படியே கொட்டிக் கிடக்கிறது, பூசி மெழுகவே இல்லை. பழிவாங்குதல் எனக்குரியது என்று ரோமர் 12-இல் இருப்பதைத் தண்டனை என் இலாகா இல்லை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வரவேண்டியதைக் கேட்பது மட்டும் என் வேலை.

அப்போது நடப்பில் இருந்தது 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து ஒரு நாள் கணக்கைப் போடுவார்கள். 30 நாளுக்குள் தராவிட்டால் வட்டியும் சேரும். நஷ்டம் என்று சொல்லிப் பிடிப்பதானால், அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கியிருக்க வேண்டும். ராஜினாமா என்று அவர்களே எழுதி வாங்கிய தாள் அவர்களுக்கே வினையாகிவிட்டது. பணம் வட்டியோடு வந்தது. திருட்டுப் பட்டம் மட்டும் அந்தக் கம்பெனியில் இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. அதைத் துடைக்க எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை.

மேலதிகாரியைவிட, எனக்கு எதிராகப் பொய் எழுதிக் கொடுத்த ஜூனியர் பையனை மன்னிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கைப்பிடித்து வேலை கற்றுக்கொடுத்தவன் நான். பிற்பாடு அவன் வேறு இடத்தில் வேலை தேடியபோது, அங்கே எனக்குத் தெரிந்தவர் போன் செய்து, "ஆள் எப்படி, நம்பலாமா?" என்று கேட்டார். ஒரு இழுவை இழுத்திருந்தாலே போதும், அவன் கதை முடிந்திருக்கும். "என்கிட்ட இருந்தவரைக்கும் ஒரு போல்ட் குறைஞ்சதில்ல, வேலை சுத்தம்" என்றேன். அது உண்மை. அன்பு பொங்கி வழிந்தெல்லாம் சொல்லவில்லை, அன்று ராத்திரி வரை எரிச்சலாகவே இருந்தது. சத்துருக்களைச் சிநேகிப்பது என்பது என் அளவில் இப்போதைக்கு இவ்வளவுதான்.

உங்கள் மேலாளர் சபைக்காரர் என்பதால் உங்களுக்கு ஒரு படி கூடுதல். மத்தேயு 18-இல் உள்ள வரிசைப்படி முதலில் தனியாகப் போய் நேரில் கேளுங்கள். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதற்கும் மசியாவிட்டால் சபையில் சொல்லுங்கள். இதற்காகத் தொழிலாளர் துறை மனுவைத் தள்ளிப்போட வேண்டாம், அதற்குக் காலக்கெடு உண்டு. இப்போதைய விதிகளை அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட ராஜினாமா கடிதத்தின் நகல் உங்களிடம் இல்லையென்றால், நேரில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். அவர்கள் தராவிட்டாலும், கேட்டதற்குத் தேதியோடு சாட்சி இருக்கும்.