கடல் பக்கம் போனால் குண்டுதான் கிடைக்கும்

கேள்வி: சார், 'சிட் மேயர்ஸ் பைரேட்ஸ்' என்ற கடற்கொள்ளை கேம் 2004ஆம் வருஷத்துதுதான், இருந்தாலும் எங்கள் ஹாஸ்டலில் இன்னும் ஓடுகிறது. டோர்ட்டுகா என்ற பிரெஞ்சுத் துறைமுகத்தைப் பிடிக்க நாலு தடவை போய்விட்டேன். கரையை நெருங்குவதற்குள் கோட்டை பீரங்கி கப்பலை நொறுக்கிவிடுகிறது. நிஜமாகவே அங்கே கோட்டை இருந்ததா? அதை யாராவது பிடித்தார்களா?
— கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: இருந்தது தம்பி, பிடித்தும் இருக்கிறார்கள். டோர்ட்டுகா என்றால் ஸ்பானிய மொழியில் ஆமை. ஹைத்திக்கு வடக்கே இருக்கிற சின்னத் தீவு அது. 1640இல் லெவாசர் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே ஆளுநராக வந்தார். மனிதர் கோட்டை கட்டும் என்ஜினீயர். துறைமுகத்துக்கு மேலே நிற்கிற பாறையைப் பார்த்ததும் கோட்டைக்கு இடம் இதுதான் என்று முடிவு செய்துவிட்டார். பாறையிலேயே ஊற்று இருந்ததால் தண்ணீருக்குக் கவலையில்லை, பீரங்கிகள் நேராகத் துறைமுகத்தைப் பார்த்து நின்றன, மேலே ஏற கடைசியில் ஓர் ஏணிதான், அதையும் உள்ளே இழுத்துக்கொண்டால் கதை முடிந்தது. கடல் வழியாக வந்த ஸ்பானியர்கள் அடி வாங்கித் திரும்பினார்கள், உங்களைப் போலவே.

ஆனால் 1654இல் அதே ஸ்பானியர்கள் வேறு மாதிரி வந்தார்கள். கோட்டையைவிட உயரமான மலை ஒன்று பக்கத்தில் இருந்தது, அதன் மேல் பீரங்கிகளை இழுத்து ஏற்றிவிட்டார்கள். லெவாசர் அப்போது உயிரோடு இல்லை, கூட இருந்தவர்களே முன்பே கொன்றுவிட்டிருந்தார்கள். தலைக்கு மேலிருந்து குண்டு விழ ஆரம்பித்தால் கடலைப் பார்த்து நிற்கிற பீரங்கியால் என்ன பிரயோஜனம்? கோட்டை பணிந்தது.

இதைப் புரிந்துகொள்ள கரீபியன் வரை போக வேண்டாம், பாலாற்றைத் தாண்டி வேலூர் கோட்டைக்கு வாருங்கள். அகழி, கருங்கல் மதில் எல்லாம் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிக் கிழக்கே இருக்கிற மலைகளைப் பாருங்கள். 1677இல் சிவாஜியின் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அந்த மலைகளின் மேல்தான் சஜ்ரா, கோஜ்ரா என்று கோட்டைகளை எழுப்பி அங்கிருந்து சுட்டார்கள். பீஜப்பூர் சுல்தான் தரப்பில் கோட்டைக்கு உள்ளே இருந்த அப்துல்லா கான் ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்து 1678இல்தான் விட்டுக்கொடுத்தார்.

சரி, கேமுக்கு வருவோம். அதில் மலை மேல் பீரங்கி ஏற்ற வழியில்லை. ஆனால் ஊருக்குக் கொஞ்சம் தள்ளிக் கப்பலை நிறுத்தி ஆட்களை இறக்கி நடத்திக் கூட்டிப்போகலாம். கப்பல் தப்பிக்கும், சண்டை தரையில் நடக்கும். கிளம்புவதற்கு முன்னால் ஊரில் எத்தனை சிப்பாய்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நூறு பேரோடு போய் முந்நூறு பேரிடம் மாட்டிக்கொண்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: என் பையன் எந்நேரமும் இந்தக் கடற்கொள்ளை விளையாட்டில்தான் கிடக்கிறான். பிரெஞ்சுக்காரர்கள் நம் பக்கமும் வந்து சண்டை போட்டார்கள் என்றால் சிரிக்கிறான். என்ன சொல்லிப் புரிய வைப்பது?
— இல்லத்தரசி, குடியாத்தம்

பதில்: ஒன்றும் சொல்ல வேண்டாம் அம்மா, ஆம்பூருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போங்கள். பிரியாணி என்றால் வராமல் இருக்க மாட்டான். 1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி அங்கேதான் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். எதிரே நின்றது நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பும் ஹைதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாஃபர் ஜங்கும், அவர்களோடு புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படையும். அப்புறம் வந்தவாசி, அதுவும் பழைய வட ஆற்காடுதான். 1760 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அங்கே தோற்கடித்தார், அதற்கடுத்த ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. அங்கிருந்த பிரெஞ்சுக் கோட்டையை ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளிவிட்டார்கள். அதனால் பையன் "அப்படியென்றால் கோட்டையைக் காட்டு" என்று கேட்டால் புதுச்சேரியில் காட்ட முடியாது, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அதே கேமில் ஆளுநர் மகளோடு நடனம் ஆடும்போது எப்போதும் தடுக்கி விழுகிறேன். ஏன்?
— பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

பதில்: அந்தப் பெண்ணின் கையைப் பாருங்கள், அடுத்து எந்தப் பக்கம் என்று சைகை காட்டுவாள். இது தெரிந்தும் நானே ஒவ்வொரு முறையும் விழுகிறேன் என்பது வேறு விஷயம்.