கேள்வி பதில்: கலாத் கோட்டையில் மெஹ்ராப் கான்

கேள்வி: காபூலைப் பிடிக்கப் போன ஆங்கிலேயர், கலாத்தை ஆண்ட பலூச் அரசர் மெஹ்ராப் கானோடு ஏன் மோதினார்கள்?

பதில்: அவர் நாட்டு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. 1839இல், ஆட்சியிழந்திருந்த ஷா ஷூஜாவை மீண்டும் ஆப்கன் அரியணையில் ஏற்றப் புறப்பட்ட சேனை, தாதரிலிருந்து போலான் கணவாய் ஏறி, குவெட்டாவைக் கடந்து காந்தகார் சேர வேண்டும். கணவாயும் குவெட்டாவும் கலாத் கானின் ஆளுகையில் இருந்தவை. கணவாயில் தீவனம் கிடையாது. ஒட்டகங்கள் கூட்டங்கூட்டமாய்ச் செத்தன. மிஞ்சிய சுமைகளை மலைக்குடிகள் பறித்தார்கள். அந்த ஆண்டு கலாத்திலும் விளைச்சல் இல்லை. தன் மக்களுக்கே இல்லாத தானியத்தை அவர் எங்கிருந்து கொடுப்பார்?

மார்ச் மாதம் ஆங்கிலேயத் தூதர் அலெக்சாண்டர் பர்ன்ஸ் கலாத்துக்கு வந்து ஒப்பந்தம் பேசினார். தானியமும் வழிக்காவலும் தந்தால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். ‘சேனையைக் கொண்டுவந்துவிட்டீர்கள், எப்படித் திரும்பக் கொண்டுபோவீர்கள்?’ என்று கான் கேட்டதாகச் சொல்வார்கள். 1842இல் காபூலிலிருந்து பின்வாங்கிய படை வழியிலேயே அழிந்தபோது அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தது. பர்ன்ஸ் திரும்பும் வழியில் ஒப்பந்தப் பத்திரமே கொள்ளை போக, பழி கான்மேல் விழுந்தது.

கேள்வி: உண்மையில் குற்றம் யாருடையது?

பதில்: கானின் வஜீர், அதாவது அமைச்சர், முல்லா முகமது ஹசனுடையது. அவர் தந்தை கானின் ஆணையால் கொல்லப்பட்டவர். அந்தப் பகையை மனத்தில் வைத்துக்கொண்டே இரு பக்கமும் நல்லவராக நடித்தார். கோட்டை விழுந்த பிறகு கிடைத்த கடிதங்களைப் படித்துத்தான் ஆங்கிலேயரே அவரைச் சிறையில் அடைத்தனர். தண்டனை மட்டும் ஏற்கெனவே கானுக்குக் கிடைத்துவிட்டது.

கேள்வி: 1839 நவம்பர் 13 அன்று கோட்டை ஒரே நாளில் விழுந்தது எப்படி?

பதில்: தாக்கியவர் தளபதி வில்ஷயர். காபூலிலிருந்து திரும்பிய படையில் சுமார் 1,200 பேர், 6 பீரங்கிகள். வடமேற்கில் வாயிலைப் பார்த்தபடி மூன்று குன்றுகள் இருந்தன. கான் அங்கே 5 பீரங்கிகளோடு ஆட்களை நிறுத்தினார், சரியான இடம்தான். ஆனால் தலைக்கு மேல் வெடித்துச் சிதறும் குண்டுகளுக்கு முன் திறந்த குன்றில் நிற்க முடியவில்லை. அவர்கள் இறங்கியபோது, பின்தொடர்ந்தே உள்ளே நுழையக் காலாட்படை ஓடியது. கதவு சட்டென்று மூடிக்கொண்டது. உடனே இரு பீரங்கிகளைச் சுமார் 200 கஜம் வரை உருட்டி வந்து சுட்டதில் கதவின் ஒரு பாதி பெயர்ந்தது. மண் சுவர்களைவிட வாயிலே பலவீனமான இடம்.

அதன் பிறகும் நகரத் தெருக்களிலும் மீரி எனப்படும் உள்கோட்டையிலும் சண்டை ஓயவில்லை. அங்கே கையில் வாளோடு கான் வீழ்ந்தார். பலூச் தரப்பில் சுமார் 400 பேர் மடிந்தனர். ஆங்கிலேயர் தரப்பில் இறந்தவரும் காயமுற்றவருமாக 138 பேர், அதாவது ஒன்பதில் ஒருவர்.

கேள்வி: கானிடம் ஏன் பெரும்படை இல்லை?

பதில்: கலாத்துக்கு நிலையான படை கிடையாது. சராவான், ஜலாவான் பகுதிகளின் சர்தார்கள், அதாவது குலத் தலைவர்கள், ஆள் அனுப்ப வேண்டும். அவர்களில் பலரைக் கான் முன்பே பகைத்துக்கொண்டிருந்தார், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவரைக் கைவிட்ட அதே சராவான் சர்தார்கள் 1840இல் கிளர்ந்து, ஆங்கிலேயர் அமர்த்திய ஷா நவாஸ் கானை விரட்டி, மெஹ்ராப் கானின் மகனைப் பதவியில் ஏற்றினர். ஆண்டு முடிவதற்குள் ஆங்கிலேயர் கலாத்தை மீண்டும் பிடித்தனர். ஆயினும் 1841 ஒப்பந்தத்தில் அந்த மகனையே இரண்டாம் நசீர் கானாக ஏற்று, பிடுங்கிய குவெட்டாவையும் மஸ்துங்கையும் திருப்பித் தந்தனர்.